வலி... வளைவு... வழி!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு மலர்க்குழு நண்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "தயவுசெஞ்சு கவிதை மட்டும் வேண்டாம்டா. நிலாவைப் பத்தியே பன்னிரண்டு வந்து கிடக்கு." சரி, நிலா பிழைத்துப் போகட்டும். நான் கழுத்தைப் பற்றி எழுதுகிறேன். உடனே சங்குக் கழுத்து என்று கற்பனையில் இறங்கிவிடாதீர்கள். இது வலிக்கிற கழுத்து!

நம்மில் கழுத்து வலிக்காதவர் யார்? முதலாமாண்டு டிராயிங் ஹாலை நினைத்துப் பாருங்கள். முதுகு சாய வழியில்லாத அந்த ஸ்டூலை வடிவமைத்தவர் தன் வாழ்நாளில் ஒரு ஷீட்டாவது போட்டிருக்க மாட்டார். டிராயிங் போர்டு மேசைமேல் படுத்திருக்கும். மினி டிராஃப்டரை மாட்டிவிட்டு நாம் அதன்மேல் படுத்திருப்போம். அங்கிருந்து ஃபிட்டிங் ஷாப், அங்கும் குனிவு. கேட் லேபில் திரையை நோக்கித் தலை முன்னால் நீண்டு நிற்கும். பஸ்ஸில் ஒரு தோளில் பை. ராத்திரி படுக்கையில் செல்போன். குனிந்த தலை நிமிராத பிள்ளை என்று ஊரில் நல்ல பெயர் வேறு!

ஃபிட்டிங் ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் முதல் நாள் ஒன்று செய்யச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? வைஸ் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி முஷ்டியை முகவாய்க்குக் கீழே வை. முழங்கை வைஸின் தாடை மேல் படவேண்டும். படாமல் உயரே நின்றால் வைஸ் உனக்குத் தாழ்வு. முழங்கை எட்டாத குள்ளப் பையன்களுக்கு அவர் ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டார். நாங்கள் சிரித்தோம். தொழிலாளியின் உடம்புக்குத்தான் மெஷின் பொருந்த வேண்டும், மெஷினுக்கு உடம்பு அல்ல என்கிற பெரிய சமாச்சாரம் அந்தப் பலகையில் இருந்தது. எனக்கு அது உறைத்தது எங்கள் வீட்டுத் திண்ணையில்.

என் அம்மா பீடி சுற்றுகிறாள். நம் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. நம் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அம்மாவோ அக்காவோ ஆச்சியோ சுற்றுகிறவர்கள்தான். மடியில் சுளவு. அதில் வெட்டிய இலை, தூள், நூல், கத்தரி. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் சமையலுக்கு, தண்ணீர் பிடிக்க என்று எழுந்திருப்பதோடு சரி. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. இருபத்தைந்து கொண்டது ஒரு கட்டு என்றால் நாற்பது கட்டு. நான் கட்டுகிற செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சுளவிலிருந்துதான் வருகிறது.

போன வருடம் அம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முதலில் தைலம். பிறகு மெடிக்கல் ஷாப் மாத்திரை. பிறகு வலது கை விரல்களில் மதமதப்பு. ராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பாள். மாதத்தில் நாலைந்து நாள் சுளவைத் தொடவே முடியாமல் போயிற்று. ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் தேஞ்சு பிதுங்கிருக்கு. இனிமே குனியவே கூடாது. பீடி வேலையை விட்டுருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அந்த டாக்டர். அம்மா பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எய்யா, வேலைய விடச் சொல்லுதாவளே... பொறவு ஃபீசுக்கு யாரு குடுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். தமிழில் இயன்முறை சிகிச்சை என்று பலகை தொங்கும். நானும் அதுவரை பிசியோதெரபி என்றால் ஏதோ கரண்ட் வைப்பார்கள், கிரிக்கெட்காரர்களுக்கு ஸ்ப்ரே அடிப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த மேடம் ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை. முதலில் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். ஊசியால் தொட்டார், முட்டியைத் தட்டினார், கழுத்தை நாலு பக்கமும் திருப்பச் சொன்னார். பிறகு, "அம்மா, நீங்க வீட்ல எப்படி உக்காந்து சுத்துவீங்களோ, அப்படியே தரையில உக்காந்து காட்டுங்க" என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு ஃபைலைச் சுளவாக மடியில் வைத்து, இல்லாத பீடியைச் சுற்றிக் காட்டினாள்.

"இதான் விஷயம்" என்றார் மேடம். "தலையோட எடை சுமார் அஞ்சு கிலோ. தம்பி, நீ டிப்ளமோதானே படிக்கே? மொமெண்ட்னா என்னன்னு அம்மாவுக்குச் சொல்லு."

அப்ளைடு மெக்கானிக்ஸ் இவ்வளவு சீக்கிரம் உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை! விசை பெருக்கல் செங்குத்துத் தூரம். தலை நேராக இருந்தால் பாரம் கிட்டத்தட்ட முதுகெலும்பின் மேலேயே இறங்கும். முன்னால் தள்ளிப்போகப் போக, அது கவிழாமல் பின்கழுத்துத் தசைகள் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் இதைக் கணக்குப் போட்டு, 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் சுமார் 27 கிலோ பாரம் என்றார். செல்போன் பற்றி எழுதுகிற எல்லாப் பத்திரிகைகளும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அது கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு, யார் கழுத்திலும் கருவி வைத்து அளந்ததல்ல.

உண்மையாகவே கருவி வைத்து அளந்தவர்களும் உண்டு. 1999-ல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு, தானாக முன்வந்த ஒருவரின் இடுப்புப் பகுதி டிஸ்க்குக்குள் அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசரைச் செருகியது. (நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் செய்வதை மனுஷனுக்குள் செய்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானைக் கும்பிட வேண்டும்!) படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. இருபது கிலோ சுமையை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3, முட்டியை மடக்கித் தூக்கினால் 1.7, உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றால் 1.1, அதே இருபது கிலோவை மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 1.8. லேத்திலிருந்து சக்கைக் கழற்றி இறக்கும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அளந்தது ஒரே ஓர் ஆளை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வேடிக்கை, சாய்மானம் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது 0.46-தான். நிற்பதைவிட உட்காருவது டிஸ்க்கை நசுக்குகிறது என்று அதற்கு முன்பு பல வருடங்களாகச் சொல்லிவந்ததை இந்த அளவு ஆட்டிவிட்டது.

அப்போ உட்கார்ந்தால் ஏன் வலிக்கிறது? இதை நான் மேடத்திடம் கேட்டேன். "உக்கார்றது தப்பில்ல தம்பி. அசையாம உக்கார்றதுதான் பிரச்சினை. வளர்ந்தவங்க டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கெடையாது. சுத்தி இருக்கிற திசுவிலருந்து சத்து ஊறித்தான் உள்ள போகணும். நீ அசையணும். நேரா விறைச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் வலிக்கத்தான் செய்யும்." நிமிர்ந்து உட்கார், நிமிர்ந்து உட்கார் என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிய வாத்தியார்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை, பாவம்.

பிறகுதான் ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். அம்மாவின் முகம் மறுபடி சுருங்கியது. மேடம் சிரித்தார். ஜப்பானில் கழுத்து சம்பந்தமான எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அதில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுகளில் இருப்பவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! "தலைமுடி நரைக்கிற மாதிரி இதும் ஒண்ணு, அம்மா. நரைச்சிருக்கேன்னு யாரும் வேலைய விடுவாங்களா?" அந்த ஒரு வாக்கியத்துக்கு அம்மாவின் கழுத்து பாதி இறங்கியது என்று நான் கோர்ட்டில் சாட்சி சொல்வேன்.

பிதுங்கல் என்றாலே படுக்கை என்பது ஊர் வழக்கு. எங்கள் தெருவிலும், "வெறும் தரையில பலகையப் போட்டு ஒரு மாசம் படுக்கச் சொல்லு" என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். 1986-லேயே ரிச்சர்ட் டேயோ என்ற அமெரிக்க டாக்டர் முதுகு வலிக்காரர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாளும் இன்னொன்றுக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு சொல்லிப் பார்த்தார். இரண்டு நாள் கூட்டம் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் மற்றதைவிட 45 சதவீதம் குறைவு. வலி குறைவதில் வித்தியாசம் தெரியவில்லை. இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒத்துக்கொள்வாளா? "அமெரிக்காக்காரனுக்கு என்னல தெரியும்" என்றாள்.

எனக்குப் பிடித்த கதை நியூசிலாந்தில் நடந்தது. 1956-ல் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற இளம் பிசியோதெரபிஸ்டிடம் ஒருவர் இடுப்பிலிருந்து முட்டி வரை வலி என்று வந்துகொண்டிருந்தார். மூன்று வாரம் வைத்தியம் செய்தும் பயனில்லை. ஒரு நாள், "உள்ளே போய்க் குப்புறப் படுங்கள், வந்துவிடுகிறேன்" என்று சொல்லி அனுப்பினார். முந்தைய நோயாளிக்காக அந்த மேசையின் ஒரு முனை உயர்த்தப்பட்டிருந்தது. வந்தவர் அதை அப்படியே விட்டு அதன்மேல் குப்புறப் படுத்தார். முதுகு பின்னால் வில்லாக வளைந்து கிடக்கிறது. மெக்கன்சி ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்துப் பதறிப்போனார். முதுகைப் பின்னால் வளைப்பது ஆகவே ஆகாது என்பது அன்றைய பாடம். "எப்படி இருக்கிறது?" என்று பயந்துகொண்டே கேட்டால், மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்கிறார்! கால் வலி போய், வலி நடு முதுகுக்கு நகர்ந்திருந்தது. வலி எந்த அசைவில் நடுவுக்கு ஒதுங்குகிறதோ அந்த அசைவே மருந்து என்று அவர் பின்னால் ஒரு முறையையே உருவாக்கினார். 2013-ல் காலமானார். எல்லோருக்கும் அது பின்னால் வளைப்பதாகத்தான் இருக்கும் என்பதில்லை. சிலருக்கு அதுவே வலியைக் கூட்டும். அதனால்தான் அடுத்தவனுக்குச் சொன்ன பயிற்சியை யூடியூபில் பார்த்துச் செய்யாதே என்கிறார்கள்.

அம்மாவுக்குக் கிடைத்த பயிற்சிகள் சின்னவை. தலையைக் குனியாமல் நேராகப் பார்த்துக்கொண்டு தாடையை மட்டும் உள்ளே இழுப்பது. இரட்டைத் தாடை விழும், அழகாக இருக்காது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட்டு, பத்துத் தடவை. இரண்டு தோள்பட்டை எலும்பும் முதுகில் ஒன்றையொன்று தொடப் பார்ப்பது, அதுவும் பத்து. பிறகு, "அம்பது பீடிக்கு ஒரு தடவ எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்துட்டு வந்து உக்காருங்க."

அம்மா மனக்கணக்கில் என்னை மிஞ்சுகிறவள். "ஆயிரத்துக்கு இருவது தடவ. தடவைக்கு ஒரு நிமிசம்னாலும் இருவது நிமிசம். முப்பது பீடி போச்சேம்மா!" மேடம் அசரவில்லை. "மாசத்துல அஞ்சு நாள் படுக்கீங்களே, அது எத்தன பீடி?" அம்மாவிடம் பதில் இல்லை.

மிச்சமிருந்தது அந்தச் சுளவு. அது மடியில் இருக்கும் வரை தலை குனிந்துதான் ஆக வேண்டும். மேசை நாற்காலி போட வீட்டில் இடமில்லை, காசும் இல்லை. எனக்கு ஃபிட்டிங் ஷாப் மரப்பலகை ஞாபகம் வந்தது. ஒர்க்‌ஷாப் சூப்பரிண்டெண்டெண்ட் சாரிடம் கேட்டேன். ஸ்கிராப்பில் கிடந்த சதுரக் குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். 25 மி.மீ. குழாய்க்குள் 20 மி.மீ. குழாய் நுழையும். வெல்டிங்கில் நண்பன் உதவினான். எந்த உயரம் சரி என்று மேடமும் உறுதியாகச் சொல்லவில்லை, "உக்காந்து பாத்துத்தான் சொல்ல முடியும்" என்றார். ஆகவே மூன்று செ.மீ. இடைவெளியில் ஐந்து ஓட்டைகள் போட்டு, போல்ட் மாற்றி ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி செய்தேன்.

முதல் நாள் அம்மா திட்டினாள். "எய்யா, சுளவு மடியில இருந்தாத்தான் கை ஓடும். இது என்னமோ வேத்து வீட்டுத் திண்ணையில உக்காந்த மாதிரி இருக்கு." அன்றைக்கு அறுநூறு பீடிதான். இரண்டாம் நாள் ஒரு ஓட்டை இறக்கினோம். மூன்றாம் நாள் தட்டை அம்மா பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன். உட்கார மணைப்பலகை, இடுப்புக்குப் பின்னால் மடித்த போர்வை, சுவர். பத்து நாளில் எண்ணூறு. இப்போது தொள்ளாயிரம். பழைய ஆயிரம் வரவில்லை. வராது என்றும் அம்மா சொல்கிறாள். ஆனால் படுக்கிற நாள் இல்லை. மாதம் 26 நாள் என்று வைத்தால் முன்பு ஐந்து நாள் போக 21,000 பீடி. இப்போது 23,400. கை மதமதப்பு ராத்திரியில் வருவதில்லை. மழைக்காலத்தில் கழுத்து லேசாகப் பிடிக்கும். இன்றும் பிடிக்கிறது.

டென்ஷன் பற்றிச் சொல்ல மறந்தேன். மூன்றாவது தடவை போனபோது மேடம் அம்மாவிடம், "எந்தக் கிழமையில வலி கூடுது?" என்று கேட்டார். அம்மா யோசித்துச் சொன்ன கிழமை, பீடிக் கடையில் கணக்குக் கொடுக்கிற நாள். சுற்றியதில் எத்தனையைக் கழிப்பார்களோ என்ற பயம்! அன்றைக்கு அம்மாவின் இரண்டு தோளும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். நமக்கு அரியர் பேப்பர் நாளில் நிற்பதில்லையா, அதே மாதிரி. சுத்தியல் கட்டைவிரலில் பட்டால் உடனே அழுத்தித் தேய்க்கிறோமே, அது ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, தொடுகை உணர்ச்சி அதை அடைக்கும், மூளையிலிருந்து இறங்கி வரும் செய்தியும் அதைத் திறக்கும் அல்லது அடைக்கும். பயம் அதைத் திறந்து வைக்கிற கட்டை என்று நான் புரிந்துகொண்டேன். மேடம் சொல்லிக்கொடுத்தது ஜேக்கப்சன் முறை. அவர் அமெரிக்க டாக்டர், 1929-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். முஷ்டியை இறுக்கிப் பிடி, பிறகு மெதுவாக விடு. அடுத்து தோள், அடுத்து முகம், வயிறு, கால். இறுக்கம் எது, தளர்ச்சி எது என்று தசைக்கே தெரியாமல் போய்விடுகிறதாம். அதற்குத் தெரியப்படுத்துவதுதான் வித்தை. தேர்வு ஹாலில் கேள்வித்தாள் வருவதற்கு முன் முஷ்டியை மட்டுமாவது செய்து பாருங்கள். யாருக்கும் தெரியாது. விடை மட்டும் அதனால் வராது!

சலூனில் முடிவெட்டிய பிறகு கழுத்தை நெட்டி முறித்து விடுகிறார்களே, அதை இனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியே மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. திடீர்த் திருகலில் அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. கழுத்து, முதுகு வலியோடு கை கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தாலோ, பைக்கிலிருந்து விழுந்த பின் வலித்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக, ஸ்டாண்டின் அளவுகள். தட்டு 45-க்கு 40 செ.மீ. கால்களுக்கு இடையே அகலம் 80 செ.மீ., சம்மணம் போட்டாலும் காலை நீட்டினாலும் உள்ளே கொள்ளும். குறைந்த உயரம் 20, கூடிய உயரம் 32. அம்மாவுக்கு ஒத்து வந்தது 26. தட்டின் சாய்வு பத்து டிகிரி, ஓரத்தில் தூள் சிந்தாமல் இருக்க ஒரு செ.மீ. விளிம்பு. கூர்முனைகளை அரத்தால் ராவிவிட வேண்டும். என் தங்கைக்குத் தொடையில் கீறிவிட்டது. டிராயிங் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் மதியம் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்தால் பிரதி எடுத்துக்கொள்ளலாம். சதுரக் குழாய் இன்னும் நாலு ஸ்டாண்டுக்குக் காணும் என்று சார் சொல்லியிருக்கிறார்.